பொறுப்பாளர் ஒருவர் மட்டும்

யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று கணக்கு வைக்கிற மூன்று மென்பொருள்களைப் பார்த்து, நம் ஆட்களுக்கு எது சரிப்படும் என்று ஆறு வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது போர்டு சாருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை அடுத்த வாக்கியம் வரைதான் தாக்குப்பிடித்தது.

"இது வந்தப்புறம் ஆஃபீஸ்ல நாலு பேர் வேண்டாம் சார், மூணு பேர் போதும்னு முதலாளி சொல்லிட்டார். யாருன்னு நான் முடிவு பண்ணப்போறதில்ல. யார்கிட்ட எவ்வளவு வேலை இருக்குன்னு அதுவே காட்டிடும். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

அது லிஃப்ட் பொருத்துகிற நிறுவனம். வானத்தை முட்டுகிற கட்டடங்களுக்கெல்லாம் இல்லை. நாலு மாடி, ஐந்து மாடி வீடுகள், சின்ன ஆஸ்பத்திரிகள், கடைகள். வெளியில் பன்னிரண்டு ஃபிட்டர்கள். உள்ளே ஒரு நீள அறையில் நான்கு மேசைகள். ஒன்றில் கணக்கு பார்ப்பவர். அவர் முதலாளியின் மைத்துனர், அந்த நாற்காலியை அசைக்க யாருக்கும் கை வராது. இன்னொன்றில் வரைபடம் போடுபவர். அவர் இல்லாவிட்டால் லிஃப்ட் போய்ச் சுவரில் முட்டும். மிச்சம் இரண்டு மேசை. ஒன்று போர்டு சாருடையது, மற்றது ஃபோன் அக்காவுடையது. கூட்டிக் கழித்துப் பார்க்க, மேலாளர் அறையிலிருந்து தன் மேசைக்கு நடந்து வருகிற தூரமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர், இல்லாவிட்டால் அக்கா.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவர் பயப்படவில்லை. தான் ஒரு நாள் வராவிட்டால் அந்த ஆஃபீஸே படுத்துவிடும் என்று பத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அப்படி நம்பாத குமாஸ்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை. அக்காவை நினைத்துத்தான் அவருக்குப் பாவமாக இருந்தது. அன்று சாயங்காலம் டீ வந்தபோது, அக்காவின் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தார்.

"என்ன சார், இன்னைக்கு சூரியன் மேற்கால உதிச்சிடுச்சா?" என்று அக்கா சிரித்தார்.

"ஒண்ணுமில்ல அக்கா, சும்மாதான்."

அக்கா அவரைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் ஆஃபீஸ் முழுக்க அக்கா என்று கூப்பிட்டதால் அவர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தொரு வயது மனிதர் நாற்பத்தாறு வயதுப் பெண்மணியை அக்கா என்று கூப்பிடுவதில் இரண்டு பேருக்குமே ஒரு வேடிக்கை இருந்தது. மைத்துனர் மட்டும் அவ்வப்போது, "உங்க அக்காவை இந்த ஃபைலைப் பாக்கச் சொல்லுங்க" என்று கிண்டல் பண்ணுவார்.

போர்டு சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முதலில் அங்கே சாமான் அறையில் போல்ட்டு நட்டு எண்ணுகிறவராகத்தான் சேர்ந்தார். அப்போதிருந்த மேலாளர் சுவரை அடைத்து ஒரு வெள்ளைப் பலகையை மாட்டிவிட்டு, யார் எழுதுவது என்று சொல்லாமல் வேறு ஊருக்கு மாறிப்போனார். பலகை மூன்று மாதம் வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவருக்கு வராது. ஒரு திங்கட்கிழமை சீக்கிரமாக வந்து, எட்டுக் கட்டம் போட்டு, எந்தக் கட்டடத்தில் எந்த வேலை எந்த அளவில் நிற்கிறது என்று நான்கு நிறத்தில் எழுதிவைத்தார். அன்றோடு அந்தப் பலகை அவர் தலையில் விழுந்தது. பலகையில் இருப்பது தப்பானால் திட்டு அவருக்கு. சரியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நாள் முழுக்கக் கையில் துடைப்பான். எழுதுவார், துடைப்பார், எழுதுவார். அவர் வலது சுண்டுவிரலின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும்.

போர்டு சாரின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவருடைய மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து, ஒவ்வொரு படிக்கட்டு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டறாரு என் வீட்டுக்காரரு" என்று எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்வது அந்த அம்மாளுக்கு வழக்கம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சின்னக் குடும்பம், சின்ன வீடு, ஒருவர் குளித்தால் மற்றவருக்குத் தண்ணீர் சத்தம் கேட்கிற வீடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் இவர் செய்தது புரியாது. முப்பத்திரண்டு வயதில் அவர் வேலை பார்த்த மை தயாரிக்கும் தொழிற்சாலை ஒரே வாரத்தில் மூடப்பட்டது. புதிதாகக் கல்யாணமானவர். மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, நூலகத்தில் ஒரே செய்தித்தாளை மூன்று தடவை படித்துவிட்டு, மத்தியானம் பூங்கா பெஞ்சில் சாப்பிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். இப்படி ஐந்து மாதம். ஒரு நாள் பேருந்தில் போய்க்கொண்டிருந்த மனைவி ஜன்னல் வழியாக, அவர் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டார். அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் டப்பா கட்டவில்லை. "வீட்டுலயே சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் அவமானம் பத்தொன்பது வருஷம் கழித்தும் அவருக்கு ஆறவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

முதலாவது ஒரே நிறக்களேபரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கட்டம், வேலை முடிந்தால் திரையில் காகிதப் பூ கொட்டும். மூத்த ஃபிட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முப்பது வருஷமாக லிஃப்ட் குழிக்குள் வாழ்கிறவர். பூ கொட்டுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இதுல டிக் போட்டா லிஃப்ட் மேல ஏறிடுமா சார்?" என்று கேட்டார்.

"ஏறாது. வேலை முடிஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியும்."

"அதான் நான் வந்து சொல்றேனே."

இரண்டாவதில் எல்லாம் இருந்தது, நாள்காட்டி, அட்டவணை, எந்த வேலை தாமதமானால் எது எது தள்ளிப்போகும் என்று காட்டுகிற கோடுகள். ஆனால் ஒரு வேலையைப் பதிய ஒன்பது இடத்தில் நிரப்ப வேண்டும். கிரீஸ் படிந்த விரலோடு ஃபிட்டர் ஒன்பது இடம் நிரப்புவதற்குள் அடுத்த லிஃப்டே வந்துவிடும் என்று குறிப்பு எழுதி, அதை அவர் தள்ளிவைத்தார்.

மூன்றாவது எளிமையானது. வேலைக்கு ஒரு அட்டை. அட்டையில் என்ன வேலை, எப்போது, யார் பொறுப்பு. முடிந்தால் கட்டைவிரலால் ஒரு தள்ளு. அவ்வளவுதான். அதை விற்கிற பெண் வீடியோவில் வந்து ஒரு மணிநேரம் பேசினார். நல்ல பெண். "பொய்த் தகவல் போட்டு சோதிச்சா பொய்யான பதில்தான் வரும் சார். உங்க நிஜ வேலைகளைப் போட்டுப் பாருங்க" என்றார். மேலாளருக்கு அதில் பிடித்தது வேறொன்று. ஒரு அட்டைக்குப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும்தான். இரண்டாவது பெயரை அது ஏற்காது. "இதான் வேணும். ஒரு வேலைக்கு ஒரு கழுத்து. நாளைக்கு அவர் சொன்னார் இவர் சொன்னார்னு யாரும் தப்பிக்க முடியாது" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

நிஜ வேலைகளைப் போட வேண்டும் என்றதும் போர்டு சார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அது அவர் சுபாவம். வரைபடக்காரரிடம் ஒரு நாள், மைத்துனரிடம் அரை நாள். அக்காவிடம்தான் சிக்கல். "நீங்க என்னென்ன வேலை பண்றீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஃபோன் பேசறேன். வேற என்ன?"

ஆகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் அட்டையாக எழுதினார். லிஃப்டுக்குச் சான்று தருகிற பரிசோதகர் அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன்னால் பேசுவது. பத்துக்கு மேல் அவர் நாற்காலியில் இருக்கமாட்டார். கொத்தனார் "நாளைக்குக் குழி ரெடி" என்றால் நாளை மறுநாள் கேட்பது. ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியையை வியாழக்கிழமை கூப்பிடுவது. லிஃப்ட் நின்றாலும் அந்த அம்மா புகார் செய்யமாட்டார், வீட்டைவிட்டு இறங்காமலே இருந்துவிடுவார். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு ஃபிட்டர்களை ஒரே கட்டடத்துக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்வது. கோபத்தில் கத்துகிற கட்டட உரிமையாளரைக் கத்தி முடிக்கவிட்டு, இருபது நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவது.

எழுத எழுத அவருக்கே ஆச்சரியம். தன்னுடைய பலகையில் தினமும் தான் எழுதுகிற தேதிகள் எங்கிருந்து வருகின்றன என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லை. அக்கா எட்டிப் பார்த்து, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கூச்சப்பட்டார். "நிஜத்தைப் போடணும் அக்கா" என்றார் இவர், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

வெள்ளிக்கிழமை எல்லாம் பதிந்து முடித்து, அறிக்கை என்ற இடத்தை அழுத்தினார். பெயர்களும் பக்கத்தில் எண்களும் வந்தன.

அக்கா நாற்பத்தொன்று. வரைபடக்காரர் பதினேழு. மைத்துனர் பன்னிரண்டு. அவர் ஒன்பது.

தப்பாக இருக்கும் என்று மறுபடி அழுத்தினார். ஒன்பதுதான். பலகையில் எழுதுவது, திங்கட்கிழமை கூட்டம், சாவி, சாமான் அறைக் கணக்கு என்று விரல்விட்டு எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை. கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்கினார். பிறகு வெட்கப்பட்டு மறுபடி ஒன்றாக்கினார்.

மேலாளருக்கு அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். அன்று வீட்டுக்குப் போய்ப் படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவரும் நின்றார். மனைவி பயந்துபோய், "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றார். நாலு நாற்காலியில் ஒன்று போகப்போகிற விஷயத்தை அப்போதுதான் சொன்னார், எண்களைச் சொல்லவில்லை.

"போங்க, நீங்க இல்லாம அந்த ஆஃபீஸ் ஒரு நாள் ஓடுமா?" என்றார் மனைவி.

முன்பெல்லாம் அதைக் கேட்டால் அவருக்கு இனிக்கும். அன்றைக்கு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் தனக்குள் வழக்காடினார். அக்கா பேசுகிறார், சரி. பேசியதை யாரிடம் சொல்கிறார்? என்னிடம். பலகையில் எழுதுவது யார்? நான். தேதி தப்பானால் திட்டு வாங்குவது யார்? நான். அப்படியென்றால் அந்த வேலைக்குப் பொறுப்பாளர் யார்? இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. திட்டு வாங்கியது அவர்தான். அந்த ஆஃபீஸில் ஒரு வேலை யாருடையது என்பது அது கெட்டுப்போகிற அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பெயர் போட முடிந்திருந்தால் இரண்டும் போட்டிருப்பார். அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மென்பொருள்தான் ஒரு பெயர் மட்டும் என்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பசியில்லை என்று அவர் மட்டும் இருந்தார். அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் அட்டையைத் திறந்தார். பரிசோதகர் அலுவலகம். பொறுப்பாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை நீக்கித் தன் பெயரைப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை, பூவும் கொட்டவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. பத்துக்கு மேல் கை தானாக ஓடியது. பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒன்றைத் துடைத்தால் அது போயிற்று, அதன்மேல் எழுதியதுதான் நிஜம். அவருக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு அதையும் மாற்றினார்.

நாற்பத்தொன்றையும் எடுக்கவில்லை. அப்படி எடுத்தால் சந்தேகம் வரும் என்று ஒரு யோசனை. அக்காவுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடக் கூடாதே என்று இன்னொரு யோசனை. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. இருபத்தெட்டை எடுத்துக்கொண்டு பதின்மூன்றை விட்டார். இப்போது அவர் முப்பத்தேழு.

அவர்கள் கைகழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையைப் பார்த்த மேலாளர், "முப்பத்தேழா? நீங்க இவ்வளவு பாக்கறீங்கன்னு எனக்கே தெரியாது சார்" என்றார். பிறகு அக்காவின் எண்ணில் விரலை வைத்து, "பதிமூணு. இதையும் நீங்களே பாத்துக்கலாம், இல்ல?" என்றார். மைத்துனரின் பன்னிரண்டு அதற்கு அடியிலேயே இருந்தது. அந்த வரியை அவர் விரல் தாண்டிப்போனது.

அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அதுல கொஞ்சம் அக்காவோடது' என்று ஒரே ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது, மென்று முழுங்கிவிட்டார். மூன்றாவது மென்பொருளையே வாங்கலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில், 'எளிமையானது, நிஜத்தைக் காட்டுகிறது' என்று எழுதினார்.

மூன்று வாரம் கழித்து அக்காவை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம். வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தார். ஃபோன் அடித்தது, எடுத்தார். "சொல்லுங்க சார், இல்ல சார், கண்டிப்பா நாளைக்கு ஆள் வரும், நான் பாத்துக்கறேன்" என்று வழக்கம்போலவே பேசினார். ஃபோனை வைத்த பிறகுதான் அழுதார், அதுவும் கொஞ்ச நேரம். மூத்த ஃபிட்டர் செய்தி கேட்டு, போட்ட வேலையைப் போட்டபடி வந்து வாசலில் நின்றார். "யாரு இதை முடிவு பண்ணது?" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கம்ப்யூட்டர்" என்றார் மைத்துனர்.

போர்டு சார் தலையைக் குனிந்து சாமான் அறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தம்பி வீட்டில் இருப்பவர். கல்யாணம் இரண்டு வருஷத்தில் முறிந்து, தம்பி வீட்டின் முன்னறையில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமாகப் பதினாறு வருஷம். வேலைக்குப் போகிற நாத்தனார் என்றால் அந்த வீட்டில் ஒரு மரியாதை. வேலை இல்லாத நாத்தனார் என்றால் என்ன என்று தம்பி மனைவி இதுவரை சொல்ல நேர்ந்ததில்லை. இதெல்லாம் போர்டு சாருக்குத் தெரியும். அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

வீட்டில், "தப்பிச்சாச்சு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகுதான் யாருக்கு வேலை போனது என்று கேட்டார்.

"அக்காவுக்கு."

மனைவியின் முகம் மாறியது. முழங்கால் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும், மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா, வலி எப்படி என்று கேட்டது அக்கா ஒருவர்தான். சொந்தத் தங்கைகூட இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணையா? அது என்னங்க தப்பு பண்ணுச்சு?"

"தப்பெல்லாம் இல்ல. வேலை கம்மின்னு சாஃப்ட்வேர் காட்டுச்சு."

"அது எப்படிங்க கம்மியாகும்? எப்பப் பாத்தாலும் ஃபோன்லதானே இருக்கும்?" அவர் சட்டையைக் கழற்றினார். மனைவி அவரையே பார்த்தார். "நீங்க ஒண்ணும் பண்ணலையே?"

"நான் என்ன பண்ணேன்? போடச் சொன்னதைப் போட்டேன்."

மனைவி மேலே கேட்கவில்லை. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்த அன்றைக்கும் அவர் எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை மறுநாள் காலையில் டப்பா கட்டியிருந்தது. ஆனால் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் இருந்தது.

அக்கா போவதற்கு ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் பதின்மூன்று அட்டைகளையும் போர்டு சாருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். கூடவே, அவர் பெயரில் ஏற்கெனவே இருக்கிற இருபத்தெட்டைச் செய்ய அவருக்குத் தெரியாது என்பதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பரிசோதகர் அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும்? கொத்தனாரின் இரண்டாவது எண் எது? அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, "இவர்கிட்ட முதல்ல அவரோட பொண்ணு எப்படி இருக்குன்னு கேக்கணும் சார், அப்புறம்தான் தேதியைக் கேக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் உங்கள் வேலைதானே, ஏன் என்னைக் கேட்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கத்தினால் தேவலாம்போல இருந்தது. இரண்டு தடவை மேலாளர் அறை வரைக்கும் போய்விட்டுத் தண்ணீர் குடித்துத் திரும்பினார்.

கடைசி வெள்ளிக்கிழமை. நான்கு மணி இருக்கும். மைத்துனர் சீக்கிரமே கிளம்பிவிட்டார், வரைபடக்காரர் அளவெடுக்க வெளியே போயிருந்தார். அக்கா இழுப்பறையைக் காலி பண்ணினார். காலுக்கு வைத்துக்கொள்கிற சின்னத் தலையணை, படிக்கிற கண்ணாடி, தொண்டை கட்டினால் வாயில் போட்டுக்கொள்கிற மாத்திரைப் பட்டை. எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டு அவர் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அட்டை எழுதிய வாரத்தில் அவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுபோல.

"சார், இந்த அட்டைக்கெல்லாம் அடியில சின்னதா ஒரு கடிகாரப் படம் இருக்கே, அதை அழுத்திப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே. எதுக்கு அது?"

அக்கா கையை நீட்டி அழுத்தினார். ஒரு பட்டியல் விரிந்தது. அட்டை உருவாக்கப்பட்ட நாள், நேரம், உருவாக்கியவர் அவர். பொறுப்பாளர்: அக்கா. அதற்குக் கீழே திங்கட்கிழமைத் தேதி, பகல் ஒன்று இருபத்திரண்டு. பொறுப்பாளர் மாற்றப்பட்டது, மாற்றியவர் அவர்.

துடைத்தது எதுவும் போகவில்லை. எல்லாம் நேரத்தோடு அப்படியே இருந்தது.

"நேத்து மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். ஒண்ணு இருபத்திரண்டுல ஆரம்பிச்சு ஒண்ணு நாப்பத்தஞ்சு வரைக்கும். இருபத்தெட்டு" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை, ஃபோனில் ஒரு தேதியை உறுதிப்படுத்திக்கொள்கிறபோது பேசுகிற குரல்தான் அது.

"அக்கா..."

"பயப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது, கடிதம் வந்தாச்சு. சொன்னா உங்களையும் சேத்து அனுப்புவாங்க. உங்க வீட்டம்மாவை நினைச்சுப் பாத்தேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பொண்ணு காலேஜ், வயசு ஐம்பத்தொண்ணு, இனிமே யார் எடுப்பாங்க என்று வரிசையாக எல்லாம் இருந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா எனக்கு ஒரு குறை சார். காலையிலேர்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டும். சாயங்காலம் போர்டைப் பாத்தா எங்கயும் என் பேர் இருக்காது. நான் பண்றது யாருக்கும் தெரியல போலன்னு நினைச்சுப்பேன். தெரிஞ்சா எழுதமாட்டாங்களா, தெரியல, அதான் விட்டுட்டாங்கன்னு நானே என்னைச் சமாதானம் பண்ணிப்பேன். நேத்து இதையெல்லாம் படிச்சேன். மூத்த ஃபிட்டருக்குப் பிரஷர் மாத்திரை ஞாபகப்படுத்தறதைக்கூட என் பேர்ல எழுதியிருக்கீங்க. ஒண்ணு விடல. இந்த உலகத்துல நான் என்ன பண்றேன்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான் சார்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

"தெரியாம பண்ணியிருந்தீங்கன்னா பரவாயில்லன்னு போயிருப்பேன்" என்றார் அக்கா.

நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். மேலாளர் அறைக் கதவைத் தட்டி, "போயிட்டு வரேன் சார்" என்றார். சாமான் அறையில் இருந்த இரண்டு ஃபிட்டர்களிடம் சொன்னார். வாசலுக்குப் போகிற வழியில் போர்டு சாரிடமும் சொன்னார்.